வேற ஏதும் குடிக்கிறீங்களா

பத்தாந் தேதி, சம்பள நாள்.
பொகவந்தலாவை பஸ் ஸ்டாண்டில் மழை நின்று
பதினைந்து நிமிடம்; அடுத்த மழைக்கு இன்னும் பத்து.
பாமசிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது
வரிசையில் நிற்பவர்களின் மூச்சு.

கிளினிக் கொப்பியை நீட்டுகிறார் சங்கிலிமுத்து.
பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிக்காரர்.
கண்டியில் நெஞ்சைத் திறந்து வைத்த வால்வு
ராத்திரியில் டிக் டிக் என்கிறதாம்.
“மணிக்கூடு தேவையில்ல” என்பார் மனைவி பாக்கியலெட்சுமி.

வார்ஃபரின். அதே அளவு.
எண்ணிக்கொண்டே கேட்கிறேன், எல்லாரிடமும் கேட்பதுதான்:
“வேற ஏதும் குடிக்கிறீங்களா?”

முகம் இறுகிப் போயிற்று.
“நமக்கு அந்தப் பழக்கம் இல்லீங்க மிஸ்.
ஒப்பரேசனுக்குப் பொறகு தவறணைப் பக்கம்
தலைவச்சும் படுக்கல.”
பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

நம் மொழியில் இது ஒரு தொல்லை.
தேத்தண்ணி குடிக்கிறோம், குளிசை குடிக்கிறோம்,
சாராயமும் அதே வினைச்சொல்லால்தான் உள்ளே போகிறது.
லயத்தில் ஒருத்தி “மருந்து குடிச்சிட்டா” என்று
யாராவது ஓடிவந்தால்
எந்த மருந்து என்று எவரும் கேட்பதில்லை,
லொறியைத் தேடுகிறார்கள்.
இத்தனையும் ஏற்றிய சொல்லைக்
கௌண்டருக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டு
நான் பதிலுக்கு நிற்கிறேன்.

“சரி, அத விடுங்க. சத்துக் குளிசை ஏதும்?”
“அது மருந்தில்லையே மிஸ்.”

பாக்கியலெட்சுமி குடையைத் தரையில் வைத்தார்.
பைக்குள்ளிருந்து மூன்று போத்தல்,
குவைத்திலிருந்து மகள் லோகேஸ்வரி அனுப்பியது.
மீனெண்ணெய், தேன் நிறத்தில் பளபளவென்று.
வெள்ளைப்பூண்டு, நாற்றம் எடுத்தது.
மூன்றாவதில் விசிறி போல ஓர் இலை.
“மறந்து மறந்து போறாருன்னு சொன்னேன், அதான்.”
பல் விளக்கினால் முரசில் ரத்தம் வருது என்றார் பிறகு,
வேறு கதைபோல.

வேறு கதை இல்லை.

“ரத்தம் கட்டியாகாம இருக்கத்தான் உங்க குளிசை.
இந்த மூணும் அதே பக்கம் தள்ளுற ஆளுங்க.
இறக்கத்துல போற வண்டிய இன்னும் மூணு பேரு தள்ளினா?”
“பிரேக் புடிக்காது.” உடனே சொன்னார்.
இந்த ரோட்டில் பிறந்தவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.
“அதுக்காக வார்ஃபரின நீங்களா நிறுத்திடாதீங்க,
வால்வு அடைச்சிரும்.
இன்னைக்கே டிக்கோயா போங்க, ரத்தம் சோதிக்கணும்.
போத்தல்களையும் கொண்டு போங்க, வெக்கப்படாம.”

கொப்பியில் எழுதினேன்: பெயர், அளவு, எப்போதிருந்து.
மூன்றாவது வரி முடிய
அவர் கண்ணாடிமேல் குனிந்தார். குரல் தணிந்தது.
“சம்பளத்தன்னைக்கு மட்டும் ஒரு கால் போத்தல்.
அத எழுத வேணாம்.”

பாக்கியலெட்சுமி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல,
நெடுநேரம்.

“டொக்டருக்கு மட்டும்” என்றேன். “மத்ததோட சேரும்போது அதுவும் தள்ளும்.”
பேனாவைப் பார்த்தார். சட்டைப்பையைத் தொட்டார்.
“சின்னதா எழுதுங்க.”
சின்னதாக எழுதினேன்.
தலைகீழாகவே வாசித்துச் சரிபார்த்தார்.

நாலு மணிக்குப் பையன் வெறுந்தேத்தண்ணி கொண்டு வந்தான்.
என் கையில் இரும்புச்சத்துக் குளிசை,
ரத்தம் குறைவு என்று எனக்கே எழுதித் தந்தது.
இந்த மலை முழுக்க விளைவது
இரும்பைக் கட்டிப்போடும் என்று படித்தவள்தான்.
ஆறு மாதமாக இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்குகிறேன்.
என்னிடம் யார் கேட்கப்போகிறார்கள்?

தண்ணீரில் குளிசையைப் போட்டுக்கொண்டு
கோப்பையைச் சாசரால் மூடினேன். ஒரு மணித்தியாலம்.
வெளியே மழை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது.
ஆறிய தேத்தண்ணி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.